வழிப்போக்கரின் வானம்

திருநெல்வேலிச் சீமையில் ஆகாயவிமானம் நெடுங்காலம் அண்ணாந்து பார்ப்பதற்குரிய பொருளாகவே இருந்தது. ரயிலில் ஏறலாம், பஸ்ஸில் தொங்கலாம், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனால் கப்பலைக்கூடத் தொட்டுப் பார்க்கலாம். விமானத்தை மட்டும் தொட முடியாது. பொதிகைக்கு மேலே வெள்ளைக் கோடு ஒன்று நீளும். சற்று நேரத்தில் கலைந்துவிடும். அதற்குள் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பிள்ளைப் பிராயத்தில் நம்பச் சிரமமான செய்தி. இந்த மனப்பழக்கம் வயது வந்த பிறகும் முழுதாகப் போவதில்லை. விமான நிலையம் என்றதும் நம் கண்முன் வருவது கண்ணாடிக் கட்டடம், துப்பாக்கி ஏந்திய காவலர், அடையாள அட்டை, எடை போடும் இயந்திரம். அங்கே நாம் எப்போதும் பயணி. அழைக்கப்பட்டால்தான் உள்ளே போக முடியும்.

நான் எழுத விரும்புவது வேறொரு வகை இடத்தைப் பற்றி. அங்கே கண்ணாடிக் கட்டடம் இல்லை. புல்வெளி ஒன்று, அதன் ஓரத்தில் ஒரு கம்பத்தில் காற்றில் ஆடும் துணிக்குழல், ஒரு தகரக் கொட்டகை, தேநீர் போட ஒரு மேசை. யாரோ ஒருவர் எங்கிருந்தோ சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே இறங்குகிறார். பெயரைப் புத்தகத்தில் எழுதுகிறார், தேநீர் குடிக்கிறார், புறப்பட்டுப் போகிறார். விமானம் என்ற பொருளோடு மனிதன் இவ்வளவு எளிமையாக உறவு கொள்ள முடியும் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

முதல் விமானங்கள் புல்லில்தான் ஏறின, புல்லில்தான் இறங்கின. விமானம் காற்றை எதிர்கொண்டே ஏறவும் இறங்கவும் வேண்டும். ஆகையால் அன்றைய திடல்கள் நீண்ட கோடாக அமையவில்லை. சதுரமாகவோ வட்டமாகவோ விரிந்து கிடந்தன. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு முகம் கொடுத்து இறங்கிவிடலாம். விமானங்களின் எடை கூடக் கூடத்தான் சிமெண்டும் தாரும் வந்தன. திடல் சுருங்கி ஒற்றைக் கோடாயிற்று. லண்டனின் புகழ்பெற்ற க்ராய்டன் விமான நிலையம் 1959இல் மூடப்படும் நாள்வரை புல்லாகவே இருந்தது. நம் நாட்டிலும் அப்படித்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு வந்து இறங்கிய பம்பாய் ஜுஹு, மழைக்காலத்தில் தண்ணீர் கட்டி நிற்கும் வெறும் மண்திடல். அந்த மாதங்களில் அவர்கள் பூனாவுக்கு இடம் மாறிக்கொண்டார்கள். இந்திய விமானப் போக்குவரத்தின் பிள்ளைப் பருவம் சேற்றுக்கும் புல்லுக்கும் நடுவில் கழிந்தது.

*

பிழைப்பு நிமித்தம் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் இருந்தபோது, சொந்தமாக விமானம் ஓட்டுவதற்கான உரிமம் பெற்றேன். பணக்காரனாக இருந்ததால் அல்ல. அங்குள்ள பறப்புக் கழகங்களில் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரு பழைய விமானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆசிரியர், தச்சர், செவிலி, ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் என்று பல தரப்பினரும் இருப்பார்கள். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு இருநூறு பவுண்டு அளவில் ஆகும். வேறு பல ஆசைகளைக் கைவிட்டால் மாதம் இருமுறை பறக்கலாம், அவ்வளவுதான். என் நண்பர்கள் கார் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் நான் நாற்பது வயதான செஸ்னா விமானத்தின் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தேன்.

நான் அடிக்கடி போன திடல்களில் ஒன்று கென்ட் மாவட்டத்து ஹெட்கார்ன். போர்க்காலத்தில் அதன் பெயர் லாஷெண்டன். 1944இல் அமெரிக்க விமானப்படையின் முஸ்டாங் போர்விமானங்கள் இந்தப் புல்வெளியிலிருந்துதான் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து போயின. இன்று வாரக்கடைசியில் அங்கே பாராசூட்டில் குதிப்பவர்களும் என்னைப் போன்ற சில்லறை விமானிகளும் வருகிறார்கள். ஒரு சிறிய போர்க்கால விமான அருங்காட்சியகமும் இருக்கிறது. 1945இல் பிரிட்டனில் ஏறத்தாழ 700 விமானத் திடல்கள் இருந்தன. போர் முடிந்ததும் பெரும்பகுதி உழவுக்குத் திரும்பியது. சில தொழிற்பேட்டைகளாயின. எஞ்சியவற்றில் கணிசமானவை கழகங்களின் கைக்கு வந்தன. போருக்காக எடுத்த நிலம், போர் முடிந்ததும் யாருக்காவது ஏதாவது ஒரு வகையில் பயன்பட்டது. இந்தச் செய்தியைப் பின்னால் வரப்போகும் ஒன்றுக்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

புல்லில் இறங்குவதற்குத் தனிக் கணக்கு உண்டு. காய்ந்த புல்லாக இருந்தால் மேலெழுவதற்கு வேண்டிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள், ஈரப் புல்லாக இருந்தால் நூற்றுக்கு முப்பது கூட்டு என்று பிரிட்டிஷ் விமானத் துறையின் கையேடு சொல்லும். ஆனால் கையேடு சொல்லாததும் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது புல்லின் நிறத்தை வைத்துத் தரையின் ஈரத்தை ஊகிக்க வேண்டும். கரும்பச்சையாக ஒரு திட்டுத் தெரிந்தால் அங்கே நீர் நிற்கிறது என்று பொருள். வயலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எளிதாக வந்தது. சேரன்மகாதேவிப் பக்கத்து வரப்புகளில் நடந்த கால்களுக்கு எந்த மண் தாங்கும், எது உள்வாங்கும் என்று தெரியும். என் பயிற்றுநர் வியந்த ஒரே விஷயம் அதுதான். மற்றவற்றில் நான் சுமாரான மாணவன்.

*

2014 கோடையில், முதல் உலகப்போர் தொடங்கி நூறாண்டு நிறைந்த சமயம், வடபிரான்ஸில் உள்ள சேன்-தொமேர் என்ற ஊரின் சிறு விமானத் திடலுக்குப் போனேன். அந்நிய நாட்டில் என் கையால் விமானத்தை இறக்கிய முதல் பயணங்களில் அது ஒன்று.

கால்வாயைக் கடப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பறப்புத் திட்டம் ஒன்றை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். எல்லைக் காவல் அலுவலகத்துக்குப் படிவம் ஒன்று. உயிர்காக்கும் சட்டையை உடலில் மாட்டிக்கொண்டே பறக்க வேண்டும். மிகக் குறுகிய இடத்தில் கால்வாயின் அகலம் 33 கிலோமீட்டர் சுமார். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் எஞ்சினின் ஒலி வேறுவிதமாகக் கேட்கும். எல்லா விமானிகளும் இதைச் சொல்வார்கள். எஞ்சின் மாறுவதில்லை, காதுதான் கூர்மையாகிறது. 1909 ஜூலை 25 அன்று லூயி ப்ளேரியோ இதே நீரை எதிர்த்திசையில் கடந்து டோவர் கோட்டைக்கு அருகே ஒரு புல்சரிவில் வந்து விழாத குறையாக இறங்கினார். பயணம் 37 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஆகாயமார்க்கமாக வருகிறவரை என்ன செய்வது என்று தெரியாத சுங்க அதிகாரிகள், அவரைக் கப்பல் தலைவராகப் பாவித்துப் படிவம் நிரப்பினார்கள் என்றொரு கதை உண்டு. அந்நியப் புல்தரையில் இறங்கிய விருந்தாளிகளின் வரிசை அவரிலிருந்துதான் தொடங்குகிறது.

லெ தூக்கே விமான நிலையத்தில் சுங்கமும் குடியேற்றமும் முடித்துக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினேன். பிரான்ஸின் சிறு திடல்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. வானொலியில் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வருகிறவர் தன் இருப்பைத் தானே அறிவித்துக்கொண்டு வரவேண்டும். நான் இன்னாள், இன்ன உயரத்தில் இருக்கிறேன், இப்போது காற்றின் போக்கில் பறக்கிறேன், இப்போது இறங்கத் திரும்புகிறேன் என்று யாருமற்ற வானத்திடம் சொல்ல வேண்டும். பல திடல்களில் இதைப் பிரெஞ்சில்தான் சொல்லலாம். பத்து வாக்கியங்களைக் காகிதத்தில் எழுதித் தொடையில் கட்டிய பலகையில் செருகியிருந்தேன். "வான் அரியேர்", "ஃபினால்" என்று நெல்லைத் தமிழ் வாடையோடு நான் சொன்ன பிரெஞ்சை அன்று யார் கேட்டார்களோ தெரியாது. ஆனால் அப்படி அறிவித்துக்கொண்டு போவதில் ஒரு நாகரிகம் இருப்பதாகத் தோன்றியது. தெரியாத வீட்டு நடையில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரியாமலே, "அய்யா" என்று ஒரு குரல் கொடுக்கிறோம் அல்லவா, அதைப் போல.

புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. சக்கரம் தொட்டபோது தார்ச்சாலையின் கிறீச்சிடும் ஒலி இல்லை. சின்ன அதிர்வு, பிறகு மண்ணின் மேடுபள்ளம் முழுவதும் இருக்கை வழியாக முதுகுத்தண்டுக்கு வந்து சேர்ந்தது. கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒரு முதியவர் வந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஒரு கோப்பைக் காப்பிக்குப் போதுமானவையாக இருந்தன. எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். விமானத்தின் வாலில் இருந்த பிரிட்டிஷ் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். வருகையாளர் புத்தகத்தை எடுத்து நீட்டினார். எங்கிருந்து வருகிறீர் என்ற கட்டத்தில் ஹெட்கார்ன் என்று எழுதிவிட்டு, ஏதோ தோன்றி, அடைப்புக்குறிக்குள் திருநெல்வேலி என்று தமிழில் எழுதினேன். அவர் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

இந்தத் திடலை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1914 அக்டோபரில் பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர் தன் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. போர்முனைக்குப் போன விமானங்களில் பெரும்பாலானவை இந்த மேட்டுநிலத்தைத் தொட்டுவிட்டே போயின. 2004இல் இங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் படையில் நம்மவர்கள் மிகச் சிலரும் இருந்தார்கள். ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். விமானப்படையில் இடம் கிடைப்பதற்கு முன் பிரெஞ்சுச் செஞ்சிலுவைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டினார். தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன்மேல் போட்டுக்கொள்ளப் பெரிய தலைக்கவசம் தைத்துக்கொண்டார். 1917இல் காயம்பட்டுப் பிழைத்த அவர், சுதந்திர இந்தியாவின் தூதராக இதே பிரான்ஸுக்கு வந்தார். கல்கத்தாவின் இந்திரலால் ராய்க்கு அந்த வாய்ப்பில்லை. 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தினார். ஜூலை 22 அன்று தானும் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. எஸ்தெவெல் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில், வங்காள எழுத்துப் பொறித்த கல்லின் கீழ் இருக்கிறார்.

புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனத்தில் ஒன்று ஓடியது. இந்த இருவருக்கும் விமானம் என்பது ஒரு பேரரசின் போரின் வழியாகத்தான் கிடைத்தது. எனக்கோ அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நடுவில் நூறாண்டு. அந்த நூறாண்டில் இந்தப் புல்வெளி போரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு எப்படி நடந்து வந்தது?

*

விடையின் ஒரு பகுதி பிரான்ஸிலேயே இருக்கிறது. 1936இல் அங்கு ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசின் விமானத்துறை அமைச்சர் பியேர் கோ, "மக்கள் வான்பயணம்" என்றொரு திட்டத்தைத் தொடங்கினார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அரசின் உதவியோடு கழகங்களில் பறக்கப் பழகலாம். போருக்கு விமானிகள் வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வானம் செல்வந்தரின் தோட்டமாக மட்டும் இருக்கக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. சிற்றூர்தோறும் பறப்புக் கழகம் என்ற வழக்கத்துக்கு அது உரமிட்டது. எனக்குக் காப்பி கொடுத்த முதியவர் போன்றவர்கள் அந்த வழக்கத்தின் வாரிசுகள்.

இன்னொரு பகுதி, விமானிகளுக்குள் இருக்கும் வழிப்போக்கர் அறம். 1929இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். எகிப்தின் அபுகீர் திடலில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, ஆஸ்பி ஸ்பார்க் ப்ளக் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டு நின்றார். போட்டியாளரிடம் தன்னிடமிருந்த உபரி ப்ளக்குகளைக் கொடுத்து அனுப்பினார் ஜே.ஆர்.டி. பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. அந்தப் பையன் பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். இந்தக் கதையைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது திடலின் கதையாகத் தோன்றுகிறது. அந்நிய மண்ணில் இறங்கி நிற்பவனுக்கு அடுத்து வந்து இறங்குகிறவன்தான் உறவு. அந்த இடத்தில் வேறு கணக்கு செல்லாது.

யோசித்தால் இது நமக்குப் புதிய அறமே அல்ல. தாமிரபரணிக் கரையில் நடந்து போனவனுக்கு ஊர்தோறும் சாவடி இருந்தது, சுமைதாங்கிக் கல் இருந்தது, கோடையில் தண்ணீர்ப்பந்தல் இருந்தது. மதுரையிலிருந்து தெற்கே ராணி மங்கம்மாள் பெயரால் ஒரு சாலையும் சத்திரங்களும் இருந்ததை இன்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாமல் ஜனங்கள் தவித்தபோது, சுலோசன முதலியார் தன் கைப்பொருளைப் போட்டுப் பாலம் கட்டினார். 1843இல் திறந்தது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். வழிப்போக்கன் யார், எதற்குப் போகிறான் என்று கேளாமல் அவனுக்கு வசதி செய்து வைப்பது புண்ணியம் என்று நம்பிய நிலம் இது. கால்நடைக்கும் வண்டிக்கும் படகுக்கும் இருந்த அந்த அறம் விமானத்துக்கு மட்டும் ஏன் நீளவில்லை?

*

வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பிய பின் நான் விமானம் ஓட்டவில்லை. உரிமத்துக்கு ஆயுள் உண்டு, ஆனால் அதிலுள்ள தகுதியை ஈராண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து பறந்திருக்க வேண்டும். இங்கே அது கூடவில்லை. மாலையில் மோட்டார் சைக்கிளில் போய், ஒரு மணி நேரம் பறந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தொலைவில் ஒரு திடல் இல்லை. உரிமம் மேசை இழுப்பறையில் குடும்ப அட்டையோடு இருக்கிறது.

இப்போது பயணியாகத்தான் வானத்துக்குப் போகிறேன். நமக்கு அருகில் உள்ளது வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையம். 1992இல் தொடங்கியது, நடுவில் நெடுநாள் விமானமே இல்லாமல் கிடந்து 2006இல் மீண்டும் உயிர்பெற்றது. 1,350 மீட்டர் ஓடுபாதையில் சிறு ஏ.டி.ஆர். விமானங்கள் மட்டுமே வந்துபோயின. அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்திருக்கிறார்கள். நல்லதுதான். சென்னையிலிருந்து வரும்போது ஜன்னலோரம் கிடைத்து, வானமும் தெளிவாக இருந்தால், நம் சீமை முழுவதும் கீழே படமாக விரியும். மேற்கே பொதிகையின் நீலம். அங்கிருந்து கிழக்கே கடல் வரைக்கும், செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் நடுவே, ஒரு பச்சை நாடா. நதியுண்ணிக் கால், கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று பெயர்பெற்ற கால்வாய்கள் அந்த நாடாவின் இழைகள். அவற்றின் நுனிகளில் குளங்கள், குளத்துக்குள் வானம். இப்படி ஒரு பள்ளத்தாக்கைத் தாழப் பறந்து, நினைத்த இடத்தில் வளைந்து, ஒரு மதகின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும். அதற்குள் இருக்கைப் பட்டையை இறுக்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும்.

திருநெல்வேலிக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், மதுரைச் சாலையில் இருக்கிறது கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அதன் எல்லையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் திடல் ஒன்று கைவிடப்பட்டுக் கிடப்பது சுற்றுவட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. நான்கு நாள் கழித்துத் திரிகோணமலை. வங்கக் கடல் பாதுகாப்பானதல்ல என்று தெரிந்த அந்தக் காலத்தில்தான் தென்னிந்தியாவில் விமானத் திடல்கள் பெருகின. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு எல்லாம் அந்தப் போரின் மிச்சங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் அங்கே போனேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த மாதத்தில் கயத்தாற்றில் ஆளைத் தள்ளும். காற்றாலைகளை ஆராயும் மத்திய அரசின் நிலையமும் அதனால்தான் அங்கே இருக்கிறது. கண்ணுக்கெட்டியவரை காற்றாலைகள். விமானம் ஓட்டுகிறவனுக்கு அவை வேறுவிதமாகத் தெரியும். எல்லாக் காற்றாலைகளும் காற்று வரும் திசைக்கே முகம் திருப்பி நிற்கும். ஆகவே அவை ஒவ்வொன்றும் ஒரு காற்றுத்திசை காட்டி. துணிக்குழல் ஒன்று போதும் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. இறங்குவதற்குத்தான் யாரும் வருவதில்லை.

பழைய ஓடுபாதைக்கு அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், துண்டைத் தலையில் இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்ன தம்பி, ஏரோட்ரோமைப் பாக்க வந்தியளா?"

"ஆமா அண்ணாச்சி. இதுல பிளேன் எறங்கிப் பாத்திருக்கியளா?"

"நான் எங்க பாக்க? எங்க அய்யா பாத்திருக்காவ. அவுகளுக்கு இதுக்குள்ள ரெண்டு குறுக்கம் இருந்துச்சு. கம்பும் பருத்தியும் போட்டிருக்காவ. சண்டைக்கு வேணும்னு வெள்ளக்காரன் எடுத்துக்கிட்டான். சண்டை முடிஞ்சுது. வெள்ளக்காரனும் போயிட்டான். பிளேனும் வரல, நெலமும் வரல."

அவர் குரலில் கோபம் இல்லை. எண்பதாண்டுக் காலத்தில் கோபம் ஆறி ஒரு தகவலாகிவிட்டது. நான் அயல்நாட்டில் பார்த்த திடல்களைப் பற்றிச் சொன்னேன். பல இடங்களில் ஓடுபாதையின் இருபுறமும் வளரும் புல்லைப் பக்கத்து விவசாயி அறுத்துக் கட்டிக்கொண்டு போவார், அது மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் என்றேன். விமானம் வருவது தெரிந்தால் சற்று ஒதுங்கி நிற்பார், இறங்கியதும் மறுபடி அறுப்பார். பெரியவருக்கு இது பிடித்திருந்தது.

"அப்ப பிளேனும் எறங்கும், மாட்டுக்கும் தீனியாகும்?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லாத்தான இருக்கு. நம்மாளுவ ஏன் அப்படிச் செய்யல?"

*

அவரிடம் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஒரு சிறு விமானம் கிளம்புவதற்கு முன் பறப்புத் திட்டம் கொடுத்து, பறப்புத் தகவல் மையத்திலிருந்து ஓர் எண்ணும், வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் இந்த நடைமுறை உண்டு. காரணங்கள் இல்லாமல் இல்லை. நமக்கு எல்லைகள் அமைதியானவை அல்ல. நம் தென்கடற்கரையிலேயே கடற்படைத் தளங்களும் அணுமின் நிலையமும் ஏவுதளமும் இருக்கின்றன. இதைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் வேர் அதற்கும் கீழே இருக்கிறது என்று நினைக்கிறேன். மேற்கில் பறத்தல் முதலில் தனிமனிதனின் பித்தாக வந்தது. பட்டறையில், வயலில், சொந்தக் காசில். அரசு அதைப் பிற்பாடு எடுத்துக்கொண்டது. ஆகவே போர் முடிந்ததும் திரும்பக் கேட்க அங்கே ஆள் இருந்தார்கள். நம் கரிசலுக்கு விமானம் ஒரு ராணுவத் தேவையாக, மேலிருந்து இறங்கியது. கம்பு விளைந்த நிலம் ஓடுபாதையானதில் ஊருக்குப் பங்கில்லை. அது பயனற்றுப் போனபோதும் ஊருக்குப் பங்கில்லை. கேட்க ஆளில்லாததால் அது வயலாகவும் திரும்பவில்லை, திடலாகவும் நிலைக்கவில்லை.

ஒரு விமானத் திடல் என்பது உண்மையில் ஒரு வயல்தான். யாரோ உழுவதை விட்டுக்கொடுத்த வயல். அந்த விட்டுக்கொடுத்தலுக்கு ஈடாக ஊருக்கு எதையாவது தர வேண்டிய கடன் அதற்கு உண்டு. சேன்-தொமேரில் அந்தக் கடன் காப்பியாகவும் வைக்கோலாகவும் வருகையாளர் புத்தகமாகவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது. கயத்தாற்றில் வட்டிகூடக் கட்டவில்லை.

இப்போதெல்லாம் பழைய ஓடுபாதைகளைப் பற்றி நாட்டில் பேச்சு எழும்போது, பெரிய முனையம், பெரிய முதலீடு, பெரிய விமானம் என்றே பேசுகிறார்கள். நான் கேட்பது மிகச் சிறியது. ஆடி மாதத்துக் காற்றுக்கு எதிரே ஐந்நூறு அறுநூறு மீட்டர் புல்லை ஒட்ட வெட்டி வைத்தால் போதும். மீதிப் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமை அண்ணாச்சியின் பேரப்பிள்ளைகளுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்று, அருகில் போய் விமானத்தின் இறக்கையைத் தொட்டுப் பார்க்கலாம். தண்ணீர்ப்பந்தல் வைத்துப் பழகிய ஊருக்கு ஒரு மேசையும் தேநீரும் பெரிய செலவில்லை. வருகிறவர் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

அனுமதி எண்கள் இருக்கட்டும். அவற்றைப் பெற்றுக்கொண்டே வருவார்கள். இறங்க ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் வழிப்போக்கர்கள் வருவார்கள். சாலை போட்டபோதும் பாலம் கட்டியபோதும் அப்படித்தான் வந்தார்கள்.